ஒன்றரை நூல் இறக்கம்

அக்கா யாரையும் முதலில் முகத்தில் பார்க்க மாட்டார். தோளில் ஆரம்பிப்பார். இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு ஒரு பார்வை, பிறகு இடுப்பு, பிறகு கால்வரை ஒரே இறக்கம். அதற்கப்புறம்தான் "வா, உக்காரு" என்று வாய் திறக்கும். ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்கள் இதைக் கர்வம் என்றுதான் நினைத்தார்கள். டேப்பை எடுக்கும் முன்பே அவர் அளவைச் சொல்லி, பிறகு டேப் வைத்துப் பார்த்தால் கால் அங்குலம்கூடப் பிசகாமல் இருக்கும். அதைப் பார்த்தவர்கள் அடுத்த துணியையும் அவரிடமே கொண்டுவருவார்கள்.

எல்லாருக்கும் அவர் டைலர் அக்கா. சர்ச்சில் கூப்பிட ஒரு பெயர் இருந்தது. அதை நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் எங்கள் தெருக்காரர்களுக்கே யாரைச் சொல்கிறேன் என்று விளங்காது.

அளவு விஷயத்தில் அக்காவிடம் தாட்சண்யம் கிடையாது. ஜாக்கெட்டுக்கு வருகிற பெண்கள் இடுப்பை ஒரு அங்குலம் குறைத்து எழுதச் சொல்லிக் கெஞ்சுவார்கள். நோட்டில் பக்கத்து ஆள் பார்த்துவிடுவாள் என்கிற பயம் அவர்களுக்கு.

"குறைச்சு எழுதுதேன். குறைச்சே தைக்கேன். நீ அதுக்குள்ள போயிருவியா?" என்பார் அக்கா. பென்சில் அதற்குள் உண்மையை எழுதி முடித்திருக்கும்.

நான் பத்தாவது முடித்த வருஷத்திலிருந்து அவருடைய தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து கதை பேசுவதையே வேலையாக வைத்திருந்தேன். தையல் கற்றுக்கொள்ளவெல்லாம் இல்லை, எனக்கு ஊசியில் நூல் கோக்கவே பொறுமை கிடையாது. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் என் இடது கால் சூம்பி, வளர்த்தி குறைந்துவிட்டது. தெருவில் நடந்து போக எனக்குப் பிடிக்காது. அக்கா வீடு எங்கள் வீட்டிலிருந்து நாலு எட்டில் இருந்தது.

அக்கா இருந்தது தம்பி வீட்டில். தம்பி பஞ்சு மில்லில் வேலை பார்த்தார். தொழிற்சங்க வாசகசாலையில் சேர்ந்துபோன பழைய பத்திரிகைகளைத் துணிக்கு மாதிரி வெட்டுவதற்காக அக்காவுக்குக் கொண்டுவந்து போடுவார். அதில் ரஷ்யாவிலிருந்து வரும் பத்திரிகை வழவழவென்று, பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போடுகிற காகிதம். ஒருநாள் அதில் ஒரு தாளை எடுத்து, ஜாக்கெட் கைக்கு மாதிரி வெட்டக் கத்தரியைத் திறந்த அக்கா அப்படியே நிறுத்திவிட்டார்.

பனிக்கட்டி மேல் ஒரு பெண். ஒரு காலில் நின்று மறு காலைப் பின்னால் தூக்கியிருந்தாள். நீலப் பட்டு மாதிரி ஒரு சட்டை, இடுப்புக்குக் கீழே இதழ் இதழாகச் சிறிய பாவாடை, கை முழுக்க வெறும் தோலின் மேல் மணி மணியாக வேலைப்பாடு.

நான் அந்தப் பெண்ணின் காலைப் பார்த்தேன். அக்கா கையைப் பார்த்தார். அரை மணி நேரம் தாளைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். தோலில் மணி எப்படி ஒட்டி நிற்கும் என்பதுதான் அவர் கேள்வி. அடுப்பில் உலை கொதித்து வழிந்தது, எழுந்து போகவில்லை.

"ஏட்டி, இங்க பாரு. கக்கத்துக்கிட்ட சுருக்கம் விழுந்திருக்கு. தோல்ல இப்படி விழாது. தோல் நெறத்துலயே வலைத்துணி போட்டுத் தைச்சிருக்கா எவளோ ஒருத்தி. அவ கெட்டிக்காரி."

"அம்புட்டு வேலை பண்ணிட்டு, இருக்கதே தெரியலையே அக்கா."

"தெரியாம இருக்கணும்னுதான பண்ணியிருக்கா."

அந்தத் தாளை அவர் வெட்டவில்லை. சுவரில் ஏசுநாதர் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். அப்படியே அடுத்தடுத்து ஏழெட்டுப் படங்கள் சேர்ந்தன. அந்த மாதிரி ஒன்றைத் தைத்துப் பார்க்க அவருக்குக் கை துறுதுறுத்தது எனக்குத் தெரியும். தைத்து யாருக்குப் போட்டுவிட? அவருக்கு வந்ததெல்லாம் பள்ளிக்கூட யூனிபாரமும் உள்பாவாடையும்தான். அந்தத் தாபம்தான் வருஷா வருஷம் தெரிந்தவர்களுக்கு அவர் கையால் செய்து அனுப்பிய புது வருஷ வாழ்த்து அட்டையில் போய் இறங்கியது.

தீபாவளித் தையல் முடிந்த மறுநாள் கார்டு வேலை ஆரம்பிக்கும். கிறிஸ்துமஸ் துணிகள் குவியும் வரைக்கும் இடையில் கிடைக்கிற மூன்று வாரம் அதற்கு. அறுந்த ஹவாய் செருப்பு எங்கே கிடந்தாலும் அக்காவிடம் வந்துவிடும். அந்த ரப்பரைப் பிளேடால் செதுக்கி அச்சு செய்வார். ஆனால் முழு உடுப்பையும் ஒரே அச்சாகச் செதுக்க மாட்டார். ஜாக்கெட் வெட்டுகிற மாதிரி முன்பக்கம் தனி, கை தனி, பாவாடையின் ஒவ்வொரு இதழும் தனி. ஸ்டாம்ப் பேட் மையில் ஒற்றி, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகக் குத்திச் சேர்ப்பார். மில்லில் நூல் சுற்றுகிற காகிதக் கோனின் நுனியை மையில் தொட்டு வைத்தால் குட்டிக் குட்டி வட்டமாகச் சுருக்குக் கழுத்து வந்துவிடும். கடைசியாகப் பசை தொட்டு ஜிகினாத் தூள்.

பனிக்கட்டிக்கு அவர் கண்டுபிடித்த வழியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அக்கா பார்த்த பனிக்கட்டி ஐஸ் வண்டிக்காரர் பெட்டியில் இருந்ததுதான். அட்டையின் அடியில் மெழுகுவர்த்தியால் நாலு வளைவுக் கோடு இழுத்துவிட்டு, மேலே சொட்டு நீலம் கரைத்த தண்ணீரைத் துணியால் தடவுவார். மெழுகு பட்ட இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும், யாரோ இப்போதுதான் சறுக்கிப் போன தடம்போல.

கார்டில் உடுப்பு மட்டும்தான் இருக்கும். முகம் கிடையாது, கை கால் கிடையாது. பாவாடையை மட்டும் முழங்காலுக்குக் கீழே இறக்கிவிடுவார், ராஜபாளையத்துத் தபால்காரரை உத்தேசித்து. ஏன் முகம் இல்லை என்று கேட்டேன்.

"ஆருக்கு அனுப்புதனோ அவளுக்குத்தான் உடுப்பு. அவ மூஞ்சி அவகிட்ட இருக்குல்லா."

அதை நான் பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், கார்டு செய்யும்போது மடியில் அளவு நோட்டு திறந்திருந்தது. தச்சருக்கும் டைலருக்கும் ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். அக்கா அங்குலத்துக்கு ஒரு நூல் என்று கணக்கு வைத்து, வாங்குகிறவளின் சொந்த அளவிலேயே உடுப்பைக் குத்தினார். சுற்றளவில் பாதி முன்பக்கம். தோள் சரிந்தவளுக்குச் சரிந்த தோள். பிள்ளை பெற்ற வயிறு இறங்கியிருந்தால் அங்கே இதழ் ஒன்று கூடுதல்.

எங்கள் வரிசை வீடுகளுக்குச் சொந்தக்கார அம்மா தெலுங்கு பேசுகிறவர், நல்ல கனத்த சரீரம். அவருக்குப் போன கார்டில் சிவப்பும் பொன்னுமாக ஒரு உடுப்பு அட்டையின் இரண்டு ஓரத்தையும் தொட்டுக்கொண்டு நின்றது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா கார்டைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு "இதி நேனே கதா, இது நானேதான்" என்று சொல்லித் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணாடி போட்டு மாட்டினார். எல்லாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தர் அதற்கப்புறம் தையலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். அக்காவுக்குக் காரணம் கடைசிவரை புரியவில்லை. "அளவு சரியாத்தான இருந்துச்சு" என்று என்னிடம் இரண்டு மூன்று தடவை கேட்டார்.

இன்னொரு பழக்கம். நாலு வீடு தள்ளி இருப்பவளுக்குக்கூடக் கையில் கொடுக்க மாட்டார். உறையில் போடாமல் கார்டின் மேலேயே தபால்தலை ஒட்டி அனுப்புவார். அது தபால் நிலையம் போய் முத்திரை வாங்கிக்கொண்டு திரும்ப எங்கள் தெருவுக்கே வரும்.

"நான் குத்துனது பாதி. அவிய குத்துனாத்தான் முடியும்" என்பார்.

இனி என் கதை. ஆரம்பத்தில் அக்கா எனக்கு என் அளவில் கார்டு செய்ததில்லை. தினமும் பார்க்கிறவளுக்கு எதற்கு என்று விட்டிருப்பார். ஆனால் என் பாவாடைகளை எல்லாம் அவர்தான் தைத்தார். அந்தப் பாவாடைகளைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றால் ஓரம் தரையோடு ஒரே மட்டமாக நிற்கும். சுற்றிலும் பாதம் மூடி, எங்கேயும் ஏறாமல் இறங்காமல். வயது ஆக ஆக என் கால் தேவலையாகிவிட்டது என்று நான் நம்ப ஆரம்பித்தேன். விந்தி நடப்பது வேண்டுமானால் தெரியும், நின்றால் ஒன்றும் தெரியாது என்று. இருபது வயதில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கிற வேலை கிடைத்தபோது, பாவாடை தாவணியில் பத்துப் பேர் முன்னால் நிற்க எனக்குத் துணிச்சல் வந்தது அந்த நம்பிக்கையில்தான்.

"இனிமே எனக்குத் தபால்லாம் ஆபீஸுக்குத்தான் வரும் அக்கா" என்று பீற்றிக்கொண்டேன். விலாசத்தையும் நானே எழுதிக் கொடுத்தேன்.

புது வருஷத்துக்கு முந்தின நாள் கார்டு வந்தது. நான் போய்ச் சேருவதற்குள் அது இரண்டு மேஜை சுற்றிவிட்டது. என்னோடு வேலை பார்த்த ஜெயா கையில் இருந்தது.

"எம்புட்டு அழகா இருக்கு. ஆரு செஞ்சது? ஆனா ஓரத்தைப் பாருங்களேன், ஒரு பக்கம் மட்டும் இறங்கிப் போச்சு" என்றாள். கள்ளமில்லாமல்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவள் கண் கார்டிலிருந்து என் காலுக்குப் போனது. கார்டைச் சட்டென்று என்னிடம் நீட்டினாள். டைப் அடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் நிறுத்திவிட்டார்கள்.

கார்டை வாங்கிப் பார்த்தேன். மயில் கழுத்து நிறம். அக்கா செய்ததிலேயே நேர்த்தியானது, அந்தக் கோபத்திலும் எனக்கு அது தெரிந்தது. இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாவாடையின் இடது ஓரம் ஒன்றரை நூல் கீழே இறங்கியிருந்தது.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். சாயங்காலம் ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

"என் காலை ஊருக்கெல்லாம் எழுதிப் போட்டாச்சா?"

அவர் மிஷினை நிறுத்தினார். நான் என்ன சொல்கிறேன் என்றே அவருக்கு விளங்கவில்லை. கார்டை நீட்டியதும் முகம் மலர்ந்தது. நோட்டை எடுத்தார்.

"அளவு சரியாத்தான் இருக்கு. ஒண்ணரை அங்குலம். இத்தன வருஷமா இடுப்புப் பட்டிக்குள்ள ஒண்ணரை மடிச்சு வச்சுத்தான தைக்கேன், தரைக்கு மட்டமா நிக்கணும்னு. கார்டுல எதுக்கு மடிக்கணும்? படத்துல இருக்கவளுகளப் பாரு. ஐஸ் மேல ஒருத்தியாவது நேரா நிக்காளா? எல்லாம் ஒரு பக்கம் இறங்கித்தான் கெடக்கு. இந்த உடுப்பு நெசமாவே பொருந்துத ஆளு நீ ஒருத்திதான்னு..."

நான் அதைக் காதில் வாங்கவில்லை. மடித்து வைத்துத் தைத்தார் என்பது மட்டும்தான் விழுந்தது. என் கால் தேவலையாகவில்லை, அக்காதான் ஏமாற்றியிருக்கிறார், ஏமாற்றிவிட்டு அவரே அம்பலப்படுத்தியும் விட்டார் என்று தோன்றியது. கார்டை அவர் கண் முன்னாலேயே இரண்டாகக் கிழித்தேன்.

அக்கா திட்டவில்லை. கீழே விழுந்த இரண்டு துண்டையும் எடுத்து, வெட்டிய துணியைச் சேர்த்துப் பார்க்கிற மாதிரி மிஷின் பலகையில் ஓரத்தோடு ஓரம் வைத்தார்.

"தபால் சீலு நடுவுல கிழிஞ்சுட்டே" என்றார்.

அதற்கப்புறம் நான் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. வீம்புக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறொரு டைலரிடம் பாவாடை தைக்கக் கொடுத்தேன். குறை சொல்ல முடியாத தையல். கட்டிக்கொண்டு நின்றால் இடது ஓரம் தரையில் புரண்டது. பஸ் படியில் ஏறும்போது அதே ஓரம் காலில் தட்டி, ஒரு பஸ் ஜனத்துக்கு முன்னால் குப்புற விழுந்தேன். வீட்டுக்கு வந்து பழைய பாவாடை ஒன்றின் பட்டியைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றரை அங்குலம், வெளியே ஒரு இழை தெரியாமல் மடித்து, எறும்பு வரிசை மாதிரி பொடித் தையல். ஒரு பாவாடைக்கும் அதற்காக அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கு நான் போயிருக்க வேண்டும். போகவில்லை. வெட்கம் ஒரு வருஷம் ஆனால் அதற்கப்புறம் அது தானாகவே வளர்ந்துவிடுகிறது.

கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே குடியிருந்தேன். என் அம்மாவுக்கு மட்டும் அக்காவின் கார்டு வருஷம் தவறாமல் வந்தது. தொண்ணூறுகளில் ஒரு பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த கார்டுகளை வரிசையாகப் பார்த்தேன். முதல் நாலைந்து அம்மாவேதான், கூன் விழுந்த முதுகும் ஒடுங்கிய மார்புமாக. அதற்கு மேல் எல்லாம் வேறு யாரோ. கொடி இடுப்பு, நேரான தோள், மட்டமான ஓரம். நிறம்தான் வருஷத்துக்கு வருஷம் மாறியிருந்தது.

"நீ கிழிச்சதுல இருந்து இப்படித்தான்" என்றாள் அம்மா. "எல்லாத்துக்கும் ஒரே அச்சு. வீட்டுக்கார அம்மாவுக்கும் இதே ஒல்லிதான் போச்சு. அவிய பாத்துட்டு, இது நான் இல்லைன்னு திருப்பியே குடுத்துட்டாவ."

 யாருக்காகவும் கால் அங்குலம் குறைத்து எழுதாத மனுஷியை ஊரையே ஒரே அளவில் வெட்ட வைத்திருந்தேன்.

அக்கா அப்போது தம்பி வீட்டை விட்டு, வத்திராயிருப்பில் டீச்சராக இருந்த தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். அடுத்த ஞாயிறு பஸ் ஏறினேன். சர்ச் முடிந்து வந்த வெள்ளைச் சேலையோடு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். நான் வாசலில் நின்றதும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். முகத்தைத்தான். தோளுக்கோ இடுப்புக்கோ அந்தப் பார்வை இறங்கவில்லை. அவர் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை.

"வாட்டி, உக்காரு. மெலிஞ்சுட்டியே" என்றார். நான் மெலியவே இல்லை.

"அக்கா, எனக்கு ஒரு கார்டு வேணும்."

"கடையில இப்ப பாட்டுப் பாடுத கார்டெல்லாம் வருதாமே."

"என் அளவுல வேணும்."

 சேலைத் தலைப்பில் கண்ணாடியைத் துடைத்தார்.

"நோட்டு இல்லட்டி. வீடு மாறும்போது போட்டுட்டேன்."

"நோட்டு எதுக்கு? நான் நடந்து காட்டுதேன்."

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால்கூட நான் நடந்து காட்டியதில்லை. உட்கார வைத்தே காட்டினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, வாசலிலிருந்து எதிர்ச் சுவர் வரைக்கும் நடந்தேன். திரும்பி வந்தேன். அவருக்கு முன்னால் நேரே நின்றேன், மறைக்காமல். அக்காவின் பார்வை மெதுவாக என் முகத்திலிருந்து இறங்கியது. இந்தத் தோள், அந்தத் தோள், இடுப்பு, தரை. அங்கேயே வெகுநேரம் நின்றது.

"பொறவு கிழிக்க மாட்டியே?"

"மாட்டேன் அக்கா."

"போதும், உக்காரு. காப்பி போடச் சொல்லுதேன்" என்றார்.

இரண்டு வாரம் கழித்துக் கார்டு வந்தது, உறை இல்லாமல், வழியெல்லாம் எல்லாரும் பார்த்துவிட்டு அனுப்பியதாக. மயில் கழுத்து நிறம்தான். ஒரு இதழ் பிசகியிருந்தது. கீழே வெள்ளைத் தடங்கள். தபால் முத்திரை பாவாடை ஓரத்தில் பாதி ஏறி விழுந்திருந்தது. பிள்ளையின் டப்பாவிலிருந்து ஸ்கேலை எடுத்து இறக்கத்தை அளந்தேன். இரண்டு நூல்.

ஒன்றரைதான் இருக்க வேண்டும். என் புத்தி போகுமா, உடனே சுருக்கென்றது. அக்காவுக்குக் கண் போய்விட்டது என்று எண்ணிக்கொண்டேன். இருந்தாலும் மனது கேட்கவில்லை. உள்பாவாடையை இடுப்பில் மட்டமாகக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்று, தரைக்கும் ஓரத்துக்கும் இரண்டு பக்கமும் அளந்து, வித்தியாசத்தைச் சொல்லும்படி என் வீட்டுக்காரரிடம் டேப்பைக் கொடுத்தேன். அவர் குனிந்து வலது பக்கம் அளந்தார், இடது பக்கம் அளந்தார். சந்தேகம் வந்து இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு அங்குலம்" என்றார்.